முத்துசாமி தீட்சிதர் ஏற்ற திசையிசை

முன்னுரை

தமிழிலக்கண நூலார் செய்யுட்குரிய சொற்களை இயற்சொல், திரிசொல், திசைச்சொல், வடசொல் என நால்வகைப்படுத்துவர். பிறநிலத்தினின்றும் வந்து வழங்கும் சொல்லைப் புறம்பென்று தள்ளாது, அதற்கொரு பெயரிட்டு ஓரிடமும் வகுத்தமை தொல்காப்பியனாரின் பெருந்தகைமையாகும். வடசொல்லாயின் தன் சிறப்பெழுத்தை விடுத்துத் தமிழெழுத்தோடு பொருந்தி வருதல் வேண்டும் என்பதும் அவர் விதித்த நெறி. வந்த விருந்தை ஏற்றலும், விருந்து இவ்வீட்டு ஒழுக்கத்திற்கு இணங்கி இருத்தலும் ஆகிய இரண்டும் அவ்விதியில் ஒருங்கே அமைந்துள்ளன.

சொல்லுக்கு அமைந்த இந்நெறியை இசைக்கும் அமைத்துக் காட்டியவர் எவரேனும் உளரோ எனின், உளர். அவரே திருவாரூர் முத்துசாமி தீட்சிதர். கருநாடக இசையின் மும்மணிகளுள் ஒருவர் என்றும், 'வாதாபி கணபதிம்' பாடியவர் என்றும் அவரை நம்மிற் பலர் அறிவர். கோயில்தோறும் சென்று பழமை மணக்கப் பாடிய பெரியார் என்ற அளவிலேயே அவ்வறிவு நின்றுவிடுகின்றது. அவர் தம் காலத்தில் எத்துணைப் புதியவராய் விளங்கினார் என்பதை எடுத்துக்காட்டுதலே இக்கட்டுரையின் நோக்கம்.

தூசிப்படை

மேனாட்டுக் கலைநூலார், தம் காலத்தார் செல்லத் தயங்கும் நெறியில் முதற்கண் அடியெடுத்து வைக்கும் கலைஞரைப் படைத்துறைச் சொல்லொன்றால் குறிப்பர். சேனைக்கு முன்னே செல்லும் அணி என்பது அச்சொல்லின் பொருள். நம் நூல்கள் அவ்வணியைத் தூசி என்றும் தார் என்றும் வழங்கும். 20-ஆம் நூற்றாண்டில் ஐரோப்பிய இசைவாணர் பலர் அப்பெயர் பெற்றனர். அவருள் பிரெஞ்சு நாட்டு ஒலிவியே மெசியான் (1908-1992) என்பார், நம் நாட்டுச் சார்ங்கதேவர் 13-ஆம் நூற்றாண்டில் இயற்றிய சங்கீத ரத்நாகரத்திற் காணும் தேசிதாளங்களைத் தம் இசையில் எடுத்தாண்டு புகழ்பெற்றார். மேற்றிசைப் புலவர் கீழ்த்திசைத் தாளத்தை நாடியது புதுமையெனப் போற்றப்பட்டது. அதற்கு நூறாண்டிற்கு மேற்பட்ட முன்னரே கீழ்த்திசைப் புலவர் ஒருவர் மேற்றிசை மெட்டை நாடி, அதனைத் தம் கலைக்கு உரியதாக்கினார் என்பதை நாம் போற்றினோமா?

ஏரிக்கரையும் மணலியும்

அவர் மேனாட்டிசையைக் கேட்ட இடம் எமக்கு அயலூரே. யான் பழவேற்காட்டேரிக் கரையிலுள்ள மீனவர் குப்பம் ஒன்றிற் பிறந்தவன். வடக்கே ஆந்திர நாட்டிற் பரந்து, கிழக்கே ஸ்ரீஹரிகோட்டைத் தீவைக் கரையாகக் கொண்டு, தெற்கே பழவேற்காட்டு முகத்துவாரத்தில் கடலோடு கலக்கும் உப்பங்கழி அது. கூனங்குப்பம், சாத்தாங்குப்பம், அரங்கங்குப்பம், கோரைக்குப்பம் என்று குப்பங்கள் அதன் தென்பாற் கரைகளில் நிரலே அமைந்துள்ளன. இறாலும் மடவையும் நண்டும் அவற்றின் வாழ்வு. அவ்வேரியின் தென்முனையினின்று ஒருநாட் பயணத் தொலைவில், திருவொற்றியூர்க்கு அணித்தாய் உள்ளது மணலி. இன்று ஆலைகளின் புகைபோக்கிகளால் அறியப்படும் அவ்வூர், 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இசைவாணரைப் புரந்த முதலியார் குடியால் அறியப்பட்டிருந்தது.

இக்கடற்கரை பிறநாட்டுப் பொருளுக்கும் ஒலிக்கும் பழகிய கரை. 16-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் போர்த்துகீசியர் பழவேற்காட்டிற்கு வந்தனர். பின்னர் வந்த ஒல்லாந்தர் 1613-இல் கெல்திரியா என்னும் கோட்டையை எழுப்பிச் சோழமண்டலக் கரையில் தம் தலைமையிடமாக்கினர். 1825-இல் அவ்வூர் ஆங்கிலேயர் வசமாயிற்று. இவர்களால் எங்கள் நாட்டில் நிலைத்தவை கல்லறைகளும் ஆலயங்களும் மட்டும் அல்ல. சன்னலும் சாவியும் மேசையும் அலமாரியும் போர்த்துகீசியச் சொற்களே. ஏரிக்கரைக் கிழவியார் சாவியை முந்தானையில் முடியுங்கால் அதனைப் பிறநாட்டுச் சொல்லென்று கருதுவதில்லை. தமிழெழுத்துக்கு அடங்கி வந்தமையால் அது தமிழ்ச்சொல்லாயிற்று.

இத்தகைய கரையின்கண், சென்னைக் கோட்டையில் ஆங்கிலப் படைவாத்தியம் முழங்கிய நாட்களில், இசைக்குடி ஒன்று வந்து தங்கிற்று.

பிறப்பும் கல்வியும்

முத்துசாமி தீட்சிதர் 1775-இல் திருவாரூரிற் பிறந்தார் என்பது பெருவழக்கு. சியாமா சாத்திரியார் (1762-1827), தியாகராசர் (1767-1847) ஆகிய ஏனையிருவரும் அவ்வூரிலேயே பிறந்தமை வியப்பிற்குரியது. தீட்சிதரின் தந்தையார் இராமசாமி தீட்சிதர் (1735-1817) பெரும்புலவர். இன்று கச்சேரிதோறும் ஒலிக்கும் ஹம்சத்வனி இராகத்தை ஆக்கியவர் அவரே. 108 இராகமும் தாளமும் விரவிய மாலிகையொன்றும் இயற்றினார். நெடுநாள் மகப்பேறின்றி வைத்தீசுவரன்கோயில் முத்துக்குமாரசாமியை வேண்டிப் பெற்ற மகவாதலின், மூத்த மகனுக்கு அப்பெருமானின் பெயரையே சூட்டினார். சின்னசாமி, பாலுசாமி என்போர் இளையவர்.

இராமசாமி தீட்சிதர் கற்றது வேங்கடமகி என்னும் பேராசிரியரின் வழிவந்த கல்வி. எழுபத்திரண்டு மேளங்களாக இராகங்களை வகுத்த சதுர்தண்டிப் பிரகாசிகையின் ஆசிரியர் அவ்வேங்கடமகி. ஆகவே முத்துசாமியார் இளமையிலேயே வடமொழியும் சோதிடமும் இலக்கணமும் மட்டுமன்றி, நாட்டில் வழக்கொழிந்துகொண்டிருந்த அரிய இராகங்களின் இலக்கணத்தையும் தந்தையாரிடமே பயின்றார். இதனை இங்கு வற்புறுத்துதற்குக் காரணம் உண்டு. புதுநெறி கண்டார் எல்லாம் பழநெறியை அறியாதார் என்றொரு எண்ணம் இளைஞரிடையே உலவுகின்றது. தீட்சிதர் வரலாறு அதற்கு மாறாய் உள்ளது.

மணலியில்

மணலி முத்துக்கிருஷ்ண முதலியார் இராமசாமி தீட்சிதரை மதித்துக் குடும்பத்தோடு மணலியில் இருத்தினார். அவர்க்குப்பின் அவர் மகனார் வேங்கடகிருஷ்ண முதலியாரும் அவ்வாதரவைக் குறைவின்றி நடத்தினார். இவர் கிழக்கிந்தியக் கம்பெனியாரிடம் துபாஷியாக இருந்தவர். துபாஷி என்பது இருமொழியாளன் என்னும் பொருட்டு. அவர் தீட்சிதர் உடன்பிறந்தாரைக் கோட்டைக்கு அழைத்துச் சென்று ஐரோப்பிய வாத்தியக் குழுவினரின் இசையைக் கேட்பித்தார் என்பர்.

அவ்விசையை ஒரே குடியிற் பிறந்த இருவர் இருவகையாக ஏற்றனர். இளையவர் பாலுசாமி தீட்சிதர் (1786-1859) கருவியை ஏற்றார். ஐரோப்பியர் ஒருவரிடம் பிடில் பயின்று, நம் இராகங்களை அதன் நரம்பில் வாசித்துக் காட்டினார். நம் நாட்டு இசையரங்கிற்கு அக்கருவியைக் கொணர்ந்தோருள் முதல்வராக அவரை வைத்து எண்ணுவது வழக்கு. தீட்சிதரின் மாணவர் தஞ்சை வடிவேலும் அதில் வல்லவராகி, 1834-இல் திருவிதாங்கூர் சுவாதித் திருநாள் மன்னரிடம் தந்தத்தால் இயன்ற பிடில் ஒன்றைப் பரிசிலாகப் பெற்றார். இன்று பிடில் இல்லாத கருநாடகக் கச்சேரியைக் காண்டல் அரிது. அது வேற்றுநாட்டுக் கருவி என்பதை நாம் மறந்தே போனோம்.

மூத்தவர் மெட்டை ஏற்றார். அதன் வரலாற்றைச் சொல்லுமுன், அவர் செவி வேறொரு திசையிலும் பழகிய வரலாற்றைச் சொல்லுதல் வேண்டும்.

காசிப் பயணம்

சிதம்பரநாத யோகி என்னும் பெரியார் மணலிக்கு வந்திருந்தகாலை, முத்துசாமியைத் தம்முடன் காசிக்கு அழைத்தேகினார். அங்கே தீட்சிதர் சில ஆண்டுகள் தங்கினார். வேதாந்தமும் மந்திரநூலும் கற்றதோடு, வடநாட்டு இசையையும் நெடிது கேட்டார். வடநாட்டார் ஓர் இராகத்தை விரையாது, சுரஞ்சுரமாக நின்று விரித்துச் செல்லும் முறை அவர் உள்ளத்திற் பதிந்தது. பிற்காலத்து அவர் கிருதிகள் ஆழ்ந்த நீர்போல் மெல்ல நகர்வதற்கு வீணைப் பயிற்சியோடு இப்பழக்கமும் காரணம் என்று அறிஞர் கூறுவர்.

வடநாட்டு இராகங்களையும் அவர் தம் பாடல்களில் அமைத்தார். யமுனா கல்யாணியில் 'ஜம்பூபதே', ஹமீர் கல்யாணியில் 'பரிமள ரங்கநாதம்', பிருந்தாவன சாரங்கத்தில் 'ரங்கபுர விஹார', துவிஜாவந்தியில் 'சேத: ஸ்ரீ' என்பன அவ்வகையின. இவற்றுள் 'ஜம்பூபதே' திருவானைக்காவில் நீர்வடிவாய் விளங்கும் இறைவனைப் பாடுவது. யமுனை என்னும் ஆற்றின் பெயர் தாங்கிய இராகத்தை நீர்த்தலத்துக்குத் தேர்ந்த நுண்மை சிந்திக்கத்தக்கது.

பாடற்பணி

வடநாட்டினின்று மீண்டு, திருத்தணி முருகன் திருமுன் நின்று, மாயாமாளவகௌள இராகத்தில் முதற்கிருதியைப் பாடினார் என்பது வரலாறு. 'குருகுஹ' என்னும் முத்திரை அன்றுமுதல் அவர் பாடல்களில் அமைந்தது. அதன்பின் காஞ்சி, தில்லை, வைத்தீசுவரன்கோயில், மாயூரம், திருவாரூர், தஞ்சை, மதுரை எனத் தலந்தோறும் சென்று பாடினார். அவர் பெயரால் இன்று வழங்குவன ஏறத்தாழ 450 பாடல்கள். பெரும்பாலன வடமொழி. சில, தமிழும் தெலுங்கும் வடமொழியும் கலந்த மணிப்பிரவாளம்.

இப்பாடல்களில் அவர் ஆற்றிய புதுமைகள் பல. அவற்றுள் தமிழ் மாணாக்கராகிய நமக்கு எளிதில் விளங்குவது வேற்றுமை அமைப்பாகும். திருவாரூர்த் தியாகேசர்மீது எட்டு வேற்றுமைக்கும் ஒவ்வொன்றாகப் பாடல் இயற்றினார். கமலாம்பிகைமீது பாடிய நவாவரணத்தில் முதல் எட்டும் முறையே எட்டு வேற்றுமையில் அமைய, ஒன்பதாவதில் எல்லா வேற்றுமையும் ஒருங்கு வரும். நாம் தேர்வுக்கு மனனம் செய்யும் உருபுகள் அவர் கையில் பாட்டின் எலும்பாக நின்றன.

கிழமைக்கு ஒன்றாக ஏழு கோள்கள்மீது பாடிய கிருதிகளை ஏழு தாளங்களில் அமைத்தார். 'ஸ்ரீ விஸ்வநாதம்' என்னும் மாலிகையில் 14 இராகங்களை முன்னோக்கித் தொடுத்து, பின்னர் அவற்றையே எதிர்நிரலாகத் திருப்பிக் கொணர்ந்தார். நம் சித்திரகவிகளில் மாலைமாற்று என்றொரு வகை உண்டன்றோ? எழுத்தில் அமைந்த அவ்வித்தையை இராகத்தில் அமைத்தார் என்று கூறலாம். இராகத்தின் பெயரைப் பாட்டின் பொருளோடு இழைத்து மறைத்து வைத்தலும் அவர்க்குக் கைவந்த கலை.

இத்துணையும் செய்தவர் செல்வராய் வாழ்ந்தாரல்லர். திருவாரூரில் அரிசியும் இல்லாதிருந்த ஒருநாளில், கமலம் என்னும் மாணவி தன் பொன்வளைகளை ஈடுவைத்துப் பொருள் கொணர முன்வர, அவர் இசையாது மறுத்தார் என்றொரு செய்தி வழங்குகின்றது. மாணாக்கரை ஏற்பதில் அவர் குலம் நோக்கிலர். தஞ்சையில் நாட்டியத்திற்கு இன்றுள்ள வடிவை அமைத்த சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேல் என்னும் நால்வரும், சுத்தமத்தளம் தம்பியப்பரும் அவரிடம் பயின்றோரே.

நோட்டுச்சுரம்

இனி, மேனாட்டு மெட்டுக்களுக்கு வருவோம். ஐரோப்பியர் சுரத்தை 'நோட்' என்பர். அதனோடு நம் சொல்லையும் கூட்டி நோட்டுச்சுரம் என்று இப்பாடல்களை அழைப்பர். பெயரே ஒரு திசைச்சொற் புணர்ச்சி. படைவாத்தியத்திலும் நடனக் கூடத்திலும் கேட்ட மெட்டுக்களுக்குத் தீட்சிதர் வடமொழிச் சாகித்தியம் அமைத்தார். ஏறத்தாழ 40 பாடல்கள் இவ்வகையில் கிடைத்துள்ளன. அயர்லாந்து நாட்டு ஆடல்மெட்டொன்று மதுரை மீனாட்சியைப் போற்றும் 'வந்தே மீனாட்சி' ஆயிற்று. பிரெஞ்சு மெட்டொன்று 'சக்திசஹித கணபதிம்' ஆயிற்று. ஆங்கில மன்னரை வாழ்த்தும் நாட்டுப்பாடலின் மெட்டு, சியாமளையை வாழ்த்தும் 'சந்ததம் பாஹிமாம்' ஆயிற்று.

நம் இசைக்கும் அவ்விசைக்கும் உள்ள வேறுபாடு எளிதன்று. நம் இராகம் கமகத்தால் உயிர்பெறுவது. ஒரு சுரம் தனித்து நில்லாது. அடுத்த சுரத்தைத் தொட்டும் அசைந்தும் வழுக்கியும் வரும். ஆங்கில மெட்டிலோ ஒவ்வொரு சுரமும் படிக்கட்டுபோல் தனித்தனி நிற்கும். ஆயினும் அவர்களது பெருவழக்கான சுரவரிசை நம் சங்கராபரணத்தின் சுரவரிசையோடு ஒத்தது. தீட்சிதர் இவ்வொப்புமையை வாயிலாகக் கொண்டார். மெட்டைத் திரிக்கவில்லை, அதன்மேல் கமகத்தை ஏற்றி மறைக்கவுமில்லை. அதன் நேரிய நடையை அவ்வாறே காத்து, மூன்றும் நான்குமாக எண்ணும் எளிய தாளங்களில் நிறுத்தினார். கமகக் கடலில் திளைத்த ஒருவர் கமகமின்றிப் பாட்டமைத்தல், யாப்பிற் பழுத்த புலவர் குழந்தைக்குப் பாட்டெழுதுதல் போன்றது. எளிமை அவர் வேண்டித் தேர்ந்துகொண்டது.

அவர் புலமை வெளிப்படும் இடம் சொல்லமைப்பே. 'சந்ததம் பாஹிமாம்' என்னும் தொடக்கத்தையே நோக்குக. அம்மெட்டு மூன்று மூன்று எண்ணிக்கையாக நடப்பது. முதல் மூன்றில் சுரங்கள் ஒரே அளவின. அடுத்த மூன்றில் முதற்சுரம் ஒன்றரை எண்ணிக்கை நீளும். இரண்டாவது அரையாகக் குறுகும். மூன்றாவது ஒன்றாக நிற்கும். நீளும் சுரத்தில் 'பா' என்னும் நெடிலும், குறுகும் சுரத்தில் 'ஹி' என்னும் குறிலும், நிற்கும் சுரத்தில் 'மாம்' என்னும் ஒற்றடுத்த நெடிலும் விழுகின்றன. மெட்டு நீள வேண்டுமிடத்துச் சொல் தானே நீள்கின்றது. மேலும் அப்பாட்டில் மோனையும் எதுகையும் உள. குருகுஹ முத்திரையும் உளது. மெட்டு கடல்கடந்து வந்தது. அதன்மேல் நின்ற சொல் இந்நாட்டு யாப்பொழுக்கத்தில் அணுவும் வழுவவில்லை. திசைச்சொல்லுக்குத் தொல்காப்பியனார் அளித்த இடத்தைத் திசையிசைக்குத் தீட்சிதர் அளித்தார் என்று யான் கூறுவது இதனாலேயே.

எங்கள் ஏரியில் பாடு என்றொரு முறை உண்டு. ஏரியின் இன்ன பகுதியில் இன்னார் இன்ன நாளில் வலையிடலாம் என்பதைச் சீட்டுப் போட்டும் முறைவைத்தும் வகுத்துக்கொள்வதே பாடு. கிடைத்த இடத்தை மாற்ற இயலாது. ஆனால் நீரோட்டம் அறிந்து வலையிடுதல் அவரவர் கைத்திறம். தீட்சிதர்க்கு மேனாட்டு மெட்டு அத்தகைய பாடாக வாய்த்தது. இடம் பிறர் குறித்தது. மீன் அவர் வலையில் வந்தது.

ஒரே மெட்டு, இரு புலவர்

ஈண்டு ஒரு செய்தியைக் கூறாதிருத்தல் இயலாது. ஜெர்மானியப் பேரிசைப் புலவர் பேத்தோவன் (1770-1827) தீட்சிதரின் சமகாலத்தவர். அவரும் அதே ஆங்கில மன்னர் வாழ்த்தின் மெட்டை எடுத்து, பியானோவிற்கென ஏழு வேறுபாடுகளை 1803-இல் இயற்றினார். அயர்லாந்து, ஸ்காத்லாந்து நாட்டு மெட்டுக்கள் பலவற்றிற்கும் இசையமைத்தார். ஒருவர் வியன்னா நகரிலும் மற்றொருவர் சோழமண்டலத்திலும் இருந்து, ஒருவரையொருவர் அறியாது, ஒரே எளிய மெட்டைக் கையில் எடுத்தனர். பேத்தோவன் அம்மெட்டைச் சுரத்தால் விரித்தார். தீட்சிதர் அம்மெட்டைச் சொல்லால் நிறைத்தார். அவரவர் கலையின் வலிமை எங்குள்ளதோ அங்கு நின்று இருவரும் அம்மெட்டை நோக்கினர்.

ஓர் ஐயமும் விடையும்

நோட்டுச்சுரங்கள் சிறுபிள்ளைப் பாட்டுக்கள். அவற்றால் தீட்சிதரை அளத்தல் தகாது என்று கூறுவாருளர். அவை நவாவரணத்தின் ஆழம் உடையன என்று யானும் கூறேன். ஆயினும், ஆள்வோரின் இசையைக் கேட்ட மாத்திரத்தில் அதற்கு அடிமையாதலும், அதனை இழிவென்று காதை மூடிக்கொள்ளுதலும் ஆகிய இரண்டே வழிகள் உண்டென்று மயங்கிய காலத்தில், மூன்றாவது வழியொன்றை அவை காட்டின. மன்னனை வாழ்த்தப் படைவீரர் முழக்கிய மெட்டில், மன்னனைப் பாடாது தம் தெய்வத்தைப் பாடினார். அதில் பகையும் இல்லை, பணிவும் இல்லை.

இவ்வழி எம்போன்றோர்க்கு இன்றும் வேண்டுவது. ஏரிக்கரையில் எங்கள் ஆலயத்தில் இருவகைப் பாட்டுக்கள் ஒலிக்கின்றன. ஐரோப்பிய மெட்டில் அமைந்த ஞானப்பாட்டுக்கள் ஒருவகை. இராகதாளத்தில் அமைந்த கீர்த்தனைகள் மற்றொருவகை. எது நமது என்னும் வழக்கு இளைஞரிடையே ஓய்ந்தபாடில்லை. கீர்த்தனையே தமிழ் என்பர் சிலர். ஞானப்பாட்டே பழக்கம் என்பர் சிலர். தீட்சிதர்க்கு ஓராண்டு முன்னர் 1774-இல் பிறந்த தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (இ. 1864), சுவார்ட்ஸ் ஐயரின் மாணாக்கராயிருந்தும், மேனாட்டு மெட்டோடு நில்லாது கீர்த்தனையும் பெத்லகேம் குறவஞ்சியும் பாடித் தமிழிசைக்குக் கிறித்தவத்தில் இடம் அமைத்தார். ஒருவர் மேனாட்டு மெட்டில் நம்நாட்டுத் தெய்வத்தைப் பாட, மற்றவர் நம்நாட்டு மெட்டில் மேனாட்டார் கொணர்ந்த வேதத்தைப் பாடினார். இருவரும் ஒரே ஆற்றை எதிரெதிர்க் கரையினின்று கடந்தவர்.

ஆதலின், மெட்டு எங்கே பிறந்தது என்பது வினா ஆகாது. சொல் அதன்மேல் செவ்வனே நிற்கின்றதா என்பதே வினா. மொழிபெயர்த்த ஞானப்பாட்டுக்கள் சிலவற்றில் குறில் நிற்க வேண்டிய இடத்தில் மெட்டு நீண்டு, 'பகை' என்பது 'பாகை' போலவும், 'வனம்' என்பது 'வானம்' போலவும் ஒலிக்கும் குறைபாடு நேரக் காண்கின்றோம். பொருளே மாறுகின்றது. தீட்சிதர் ஒருகாலும் இதற்கு இடங்கொடார். இன்று ஞானப்பாட்டியற்ற முன்வரும் இளைஞர் அவரிடம் கற்கத்தக்க முதற்பாடம் இதுவே.

இறுதிநாட்கள்

பாலுசாமி தீட்சிதர் எட்டயபுரம் அரண்மனை வித்துவானாக இருந்தமையின், மூத்தவர் தம் இறுதிக்காலத்தில் அங்குச் சென்றார். வழியில் மழையின்றி வறண்ட நிலத்தைக் கண்டு அமிர்தவர்ஷிணி இராகத்தில் பாட மழை பொழிந்தது என்பது கேட்போர் விரும்பும் செவிவழிச் செய்தி. 1835-இல் தீபாவளி நாளன்று, மாணாக்கர் மீனாட்சியம்மைமீது தாம் இயற்றிய கிருதியைப் பாடக் கேட்டவாறே உயிர்நீத்தார் என்பர். அவர் நினைவிடம் எட்டயபுரத்தில் உள்ளது.

பாடல்கள் பிழைத்த வரலாறு

புலவர் மறைந்தபின் பாடல் வாழ்வது தானே நிகழ்வதன்று. தீட்சிதரின் பாடல்கள் மாணாக்கர் நாவிலும் குடும்பத்து ஏடுகளிலும் மட்டுமே இருந்தன. பாலுசாமியின் மகள்வயிற்றுப் பேரரும் சுவீகார மகனுமாகிய சுப்பராம தீட்சிதர் (1839-1906) அவற்றைக் காத்துவந்தார். குடும்பச் செல்வமாகப் பொத்திவைத்த அவ்வித்தையை உலகறியச் செய்யுமாறு அவரை வற்புறுத்தியவர் சென்னை ஏ. எம். சின்னசாமி முதலியார் என்னும் கிறித்தவர். நம் கீர்த்தனைகளை ஐரோப்பியச் சுரக்குறியில் எழுதி 1893-இல் வெளியிடத் தொடங்கி, அப்பணியில் தம் பொருளையும் உடல்நலத்தையும் செலவிட்டவர் அவர். எட்டயபுரத்து மன்னரிடத்தும் அவர் பரிந்து வேண்டினார். அதன் பயனாக 1904-இல் 'சங்கீத சம்பிரதாயப் பிரதர்சினி' என்னும் பெருநூல் தெலுங்கெழுத்தில் அச்சேறிற்று. தீட்சிதரின் 229 கிருதிகள், ஒவ்வொரு கமகத்திற்கும் தனித்தனிக் குறியிட்டு, அதில் எழுதப்பட்டன. பின்னர்ச் சென்னைச் சங்கீத வித்வத் சபையார் அதனைத் தமிழெழுத்தில் வெளியிட்டனர்.

முத்துசாமி தீட்சிதர் மேனாட்டார் மெட்டைக் கேட்டு நம் சொல்லை அமைத்தார். சின்னசாமி முதலியார் மேனாட்டார் குறியைக் கற்று நம் மெட்டைக் காத்தார். கொண்டதும் கொடுத்ததும் ஒரே வழியில் நடந்தன. அவ்வழியில் நடந்தோர் வெவ்வேறு சமயத்தார் என்பது நாம் மறவாது போற்றத்தக்கது.

முடிவுரை

புதுமை என்பது பழமையை உதறிய கையில் தங்குவதில்லை. எழுபத்திரண்டு மேளத்தையும் கற்றிருந்தமையால் தீட்சிதர்க்குக் கோட்டை வாத்தியம் அச்சமும் தரவில்லை, மயக்கமும் தரவில்லை. கற்ற செவியொன்று, வாயிலில் வந்து நின்ற ஒலியைக் கேட்டது. தன் மொழியின் ஒழுக்கத்திற்குள் அதற்கு இடமளித்தது. தூசிப்படையாய் முற்செல்வார்க்கு இவ்விரண்டும் போதும்.

மாணாக்க நண்பர்காள்! அத்தகைய செவிக்கு இன்றும் பணி உண்டு. சோழமண்டலக் கரையில் வலையிழுப்போரும் துடுப்பு வலிப்போரும் அம்பாப்பாட்டுக்கள் பாடினர். ஒருவர் முற்கூற, ஏனையோர் இழுப்பின் வேகத்திற்கு இசைய எதிர்கூறும் பாட்டு அது. தாளம் அங்கே உடலுழைப்பினின்றே பிறந்தது. படகுகளில் எந்திரம் வந்தபின் துடுப்பு ஓய்ந்தது; துடுப்போடு பாட்டும் ஓய்ந்துவருகின்றது. எங்கள் குப்பத்தில் அவற்றை முழுதும் அறிந்தோர் முதியவரே. அவர் வாய்மொழியைச் சுரத்தோடும் தாளத்தோடும் எழுதிவைக்க ஒரு சின்னசாமி முதலியார் இன்னும் வரவில்லை. கோட்டையில் ஒலித்த மெட்டைத் தீட்சிதர் கேட்டார். குப்பத்தில் ஒலிக்கும் மெட்டை நாம் கேட்கலாகாதா? வருகின்ற கோடை விடுமுறையில், தமிழ் மாணாக்கர் இருவர் மூவர் ஓர் ஏட்டோடு எங்கள் ஏரிக்கரைக்கு வருவாராயின், முதியோர் திண்ணையில் இடமளிப்பர், பாடவும் செய்வர்.